தாஞ்சியர் துறைமுக நகரம்: போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

மொராக்கோவின் வடமுனையில், ஜிப்ரால்டர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது தாஞ்சியர். உள்ளூர்க்காரர்கள் தன்ஜா என்பார்கள். நீரிணை குறுகும் இடத்தில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் வெறும் 14 கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. வானம் தெளிந்த நாளில் எதிர்க்கரை ஸ்பெயின் மலைகளில் சுழலும் காற்றாலைகள்கூடக் கண்ணுக்குத் தெரியும்.

போய்வந்தவர்களில் பாதிப்பேர் "அருமை" என்கிறார்கள், பாதிப்பேர் "ஒரே தொல்லை" என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். யார் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வேறுபாடு. ஸ்பெயினின் தாரிஃபாவிலிருந்து காலைக் கப்பலில் குழுவாக வருகிறவர்கள் பெரிய சந்தைத் திடல், ஒரு கம்பளக்கடை, ஒரு சாப்பாட்டுக்கடை, ஓர் ஒட்டகப் படம் என்று முடித்துக்கொண்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். அந்த ஐந்தாறு மணி நேரத்தில் அவர்கள் பார்ப்பது, பெரும்பாலும் அவர்களை நம்பிப் பிழைக்கும் ஆட்களைத்தான். ஊரை அவர்கள் பார்க்கவே இல்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் கடைசிக் குழுவும் கப்பலேறியதும் ஊரின் நடையே மாறிவிடுகிறது. பாஸ்டர் சாலையிலும் கடற்கரை நடைபாதையிலும் குடும்பம் குடும்பமாக உலாவ வருகிறார்கள். காலையில் உங்கள் கையைப் பிடித்து இழுத்த தெருவில் இப்போது யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், தாஞ்சியரை இன்னொரு பயணத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா?

வேண்டும். 2022 முதல் மொராக்கோ அரசின் இணையதளத்திலேயே மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், 30 நாள் வரை தங்கலாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் தரும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். கட்டணம் கட்டுமுன் முகவரியைச் சரிபாருங்கள். விசாவை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இதில் இல்லை, ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில். ஸ்பெயினிலிருந்து தாஞ்சியருக்குக் கப்பலேறும்போதே ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிவிட்டீர்கள் என்று கணக்கு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர் மறுபடி ஸ்பெயினுக்குள் கால்வைக்க முடியாது. திரும்பும் விமானம் மாட்ரிட்டிலிருந்து என்றால் விசாவில் பலமுறை நுழைவு இருக்கவேண்டும். அது இல்லையென்றால் மொராக்கோவிலிருந்தே ஊர் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள்.

ஸ்பெயினிலிருந்து எந்தக் கப்பலில் வருவது?

தாஞ்சியர் என்ற பெயரில் இரண்டு துறைமுகங்கள் உண்டு. தாரிஃபாவிலிருந்து வரும் வேகக் கப்பல் ஊருக்குள்ளேயே இருக்கும் 'தாஞ்சியர் வில்' துறைமுகத்தில் சேர்க்கும், சுமார் ஒரு மணி நேரப் பயணம். அல்ஹெசிராஸிலிருந்து வரும் கப்பல்கள் போய்ச்சேர்வது 'தாஞ்சியர் மெத்'. அது 40 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, 2007இல் தொடங்கிய பெரிய சரக்குத் துறைமுகம். அங்கே இறங்கினால் பேருந்தோ பெரிய டாக்சியோ பிடித்து ஊருக்கு வரவேண்டும். டிக்கெட்டில் 'மெத்' என்ற ஒரு சொல்லைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் அறை போட்டவர்கள் இராத்திரியில் அலைந்திருக்கிறார்கள்.

தாரிஃபா கப்பலுக்கு எதிரி காற்று. கிழக்கிலிருந்து வீசும் 'ஷெர்கி' நீரிணையின் குறுகலில் நெருக்கப்பட்டு வேகம் எடுக்கும், அலை எழும், வேகக் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். சில நேரம் ஒரு நாள், சில நேரம் இரண்டு மூன்று நாள். அப்போதும் அல்ஹெசிராஸ் கப்பல்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும், அவை பெரியவை. ஆகவே விமானம் பிடிக்கவேண்டிய நாளிலேயே நீரிணையைக் கடக்கத் திட்டமிடாதீர்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

தாரிஃபா கப்பலில் மொராக்கோ குடிநுழைவு முத்திரையைப் பெரும்பாலும் கப்பலுக்குள்ளேயே குத்துகிறார்கள். ஏறியவுடன் மேல்தளத்துக்குப் படம் எடுக்க ஓடாமல், முதலில் அந்த வரிசையில் நில்லுங்கள். முத்திரை இல்லாமல் இறங்கினால் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

கடிகாரத்தை மாற்றவேண்டுமா?

கோடையில் மொராக்கோ ஸ்பெயினுக்கு ஒரு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் இரண்டும் ஒன்று. ரமலான் மாதத்தில் மட்டும் மொராக்கோ தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறது. டிக்கெட்டில் இருப்பது கப்பல் புறப்படும் கரையின் நேரம். கடலோரத்தில் நிற்கும்போது கைபேசி சில சமயம் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பெயின் நேரத்தைக் காட்டும். தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவைப்பது பாதுகாப்பு.

கப்பலிலிருந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

இந்த ஊரைப் பற்றிய எண்ணம் உருவாவதே அந்த ஒரு மணி நேரத்தில்தான். அதனால் கப்பலேறுமுன்பே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். தங்கும் இடத்தின் பெயரை அரபு எழுத்தில் கைபேசியில் வைத்திருங்கள். ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். விடுதிக்காரரிடம் எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று கேட்டுவையுங்கள். மெதினா எனப்படும் பழைய நகரத்துக்குள் கார் போகாது, டாக்சி ஏதாவதொரு வாசலில் இறக்கிவிடும், மீதி நடைதான். துறைமுகத்திலிருந்து மெதினாச் சுவர் கூப்பிடு தூரம். ஆனால் முழுக்க ஏற்றமும் படிக்கட்டும், சக்கரப்பெட்டி படாதபாடு படும். முதுகுப்பை நல்லது.

சிறு டாக்சி இந்த ஊரில் நீலப்பச்சை நிறம், பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள்; போட மறுத்தால் இறங்கி அடுத்ததைப் பிடியுங்கள். துறைமுக வாசலிலேயே நிற்கும் டாக்சிகள்தான் அதிகம் கேட்கும். சாலைக்கு இருநூறு அடி நடந்தால் ஓடும் டாக்சி கிடைக்கும். வழியில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டால் பதறவேண்டாம், இங்கே அதுதான் வழக்கம். ஏறும்போது மீட்டரில் இருந்த எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டால் உங்கள் பங்கு தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டர் தொகையோடு பாதி கூட்டிக் கொடுக்கவேண்டும், அது ஏமாற்று அல்ல.

தெருவில் பின்தொடரும் 'வழிகாட்டிகளை' எப்படிச் சமாளிப்பது?

இவர்கள் சொல்வது பெரும்பாலும் நான்கே வாக்கியம்தான். "அந்தப் பக்கம் மூடியிருக்கிறது." "இன்றைக்கு மட்டும் மலைக்காரர்கள் சந்தை." "நான் உங்கள் விடுதியில் வேலை பார்க்கிறேன், ஞாபகமில்லையா?" "காசு வேண்டாம், பேசிப் பழகத்தான்." நான்கும் போய்முடிவது கம்பளக்கடையில் அல்லது மூலிகைக்கடையில், நீங்கள் வாங்கும் பொருளில் அவருக்குக் கமிஷன்.

நின்று பதில் சொன்னால் பேச்சு வளரும். நடையை நிறுத்தாமல், முகத்தைச் சுளிக்காமல், "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். கோபப்பட்டுக் கத்துவதால் பயனில்லை, தெருவே திரும்பிப் பார்க்கும். உண்மையிலேயே வழிகாட்டி வேண்டுமென்றால் விடுதி மூலம் அரசு உரிமம் பெற்றவரை அமர்த்துங்கள், அவரிடம் அடையாள அட்டை இருக்கும். கடைகள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிஃப், ஹஷீஷ் (இரண்டும் கஞ்சா வகை) என்று காதோரம் சொல்கிறவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். வைத்திருப்பது குற்றம், சிறைக்குப் போகவேண்டிவரும்.

வழி கேட்கவேண்டுமென்றால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். கடையை விட்டுவிட்டு அவரால் உங்களோடு வரமுடியாது.

மெதினாவுக்குள் தொலைந்துபோவோமா?

போவீர்கள், ஆனால் பத்து நிமிடத்துக்குமேல் இல்லை. மெதினா ஒரு சரிவில் இருக்கிறது. இறக்கமாகவே போனால் துறைமுகம், ஏறிக்கொண்டே போனால் கோட்டைப்பகுதியான கஸ்பா. இதை மட்டும் மனதில் வைத்தால் போதும். பெரிய சந்தைத் திடலையும் (கிராண்ட் சோக்கோ) நடுவிலுள்ள சின்னத் திடலையும் (பெத்தி சோக்கோ) இணைப்பது ஸியாகீன் தெரு, ஒருகாலத்தில் வெள்ளித் தட்டார்களின் தெரு. சின்னத் திடலிலிருந்து நேரே இறங்கினால் பெரிய பள்ளிவாசலைத் தாண்டி, துறைமுகத்தைப் பார்க்கும் மேடைக்கு வந்துவிடுவீர்கள். இந்த வழியை முதல்நாள் இரண்டு முறை நடந்து பழகுங்கள். பிறகு எங்கே போனாலும் இதில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கட்டாயம் பார்க்கவேண்டியவை எவை?

தாஞ்சியரில் தாஜ்மகால் மாதிரி ஒற்றைப் பெரிய கட்டடம் கிடையாது. அதைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இங்கே பார்க்கவேண்டியது நீரிணை, அதை ஒட்டிய வாழ்க்கை, அடுக்கடுக்காக வந்துபோன ஆட்சிகளின் தடம்.

போர்த்துக்கீசியர் 1471இல் பிடித்தார்கள். 1661இல் போர்த்துக்கல் இளவரசி காத்தரினாவுக்கும் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கும் திருமணம் பேசியபோது சீதனமாகக் கைமாறிய இரண்டு துறைமுகங்களில் ஒன்று தாஞ்சியர், மற்றது நம் பம்பாய். பம்பாயை ஆங்கிலேயர் விடவில்லை. தாஞ்சியரில் தாக்குப்பிடிக்க முடியாமல், தாங்கள் கட்டிய அலைதாங்கியைத் தாங்களே தகர்த்துவிட்டு 1684இல் கப்பலேறினார்கள். பிறகு 1920களிலிருந்து 1956 வரை பல நாடுகள் சேர்ந்து ஆண்ட சர்வதேச மண்டலம். ஒரே தெருவில் பிரெஞ்சுப் பலகையும் ஸ்பானிய நாடக அரங்கும் ஆங்கிலத் தேவாலயமும் இருப்பது அதனால்தான்.

கஸ்பாவில் பழைய ஆளுநர் மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. அதைவிட முக்கியம் அருகிலுள்ள 'பாப் பஹர்', கடல்வாசல். நிழலான சந்தில் நடந்துவந்து அந்தத் திறப்பில் நின்றால் சட்டென்று காலடியில் துறைமுகம், எதிரே ஸ்பெயின், இடப்பக்கம் அட்லாண்டிக். மாலை வெயிலில் போங்கள். மெதினாவின் தென்முனையில் பழைய அமெரிக்கத் தூதரகக் கட்டடம் உள்ளது. 1821இல் சுல்தான் அமெரிக்காவுக்கு அளித்தது, இன்று அருங்காட்சியகம். பெரிய திடலை ஒட்டிய புனித அந்திரேயா ஆலயத்தில் வளைவின்மேல் "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" ஜெபம் அரபு எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஊருக்கு வெளியே ஸ்பார்தெல் முனைக் கலங்கரை விளக்கமும் (1864), அதற்குத் தெற்கே ஹெர்குலிஸ் குகைகளும் அரைநாள் வேலை. குகையின் கடல்பக்க வாய் ஆப்பிரிக்க வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். எல்லோரும் அதைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்சுவர்களையும் பாருங்கள்: வட்ட வட்டமாகப் பள்ளங்கள். திரிகைக் கற்களை அங்கேயே வெட்டி எடுத்த தடம் அது. பெரிய டாக்சியைப் போகவர, காத்திருப்பு எல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டு, பணத்தைத் திரும்பிவந்த பிறகு மொத்தமாகக் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் குகை வாசலில் வண்டி இருக்காது.

சந்தைக்கு எந்த நாளில் போவது?

வியாழனும் ஞாயிறும், காலையில். அன்றைக்கு ஜெபாலா மலைக் கிராமத்துப் பெண்கள் இறங்கிவருவார்கள். அகன்ற வைக்கோல் தொப்பி, அதில் தொங்கும் கம்பளிக் குஞ்சங்கள், இடுப்பில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட 'மந்தில்' துணி. ஆலயச் சுவரோரம் தரையில் அமர்ந்து 'ஜ்பென்' விற்பார்கள். இது பாலை உறையவைத்து வடித்த வெள்ளைப் பாலாடைக்கட்டி, குட்டைப்பனை ஓலையில் பொதிந்திருக்கும். ஓலையின் வரி கட்டியின்மேல் அப்படியே பதிந்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினால் நீர் கசியவேண்டும்; அதுதான் அன்று காலை செய்தது. அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும். படம் எடுக்கக் கேட்காதீர்கள் என்றே சொல்வோம். பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அந்த மறுப்பை மதிக்கவேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சொல்லிக் கேட்கவேண்டும். "காய்கறி தஜின்" (மூடிய மண்சட்டியில் வேகவைப்பது) என்று அட்டையில் போட்டிருந்தாலும் கறியோடு வேகவைத்த காயை எடுத்துவைப்பது உண்டு. 'ஹரிரா' சூப்பில் பெரும்பாலும் கறித்துண்டோ கறிச்சாறோ இருக்கும். "ப்லா ல்ஹம், ப்லா ஜாஜ், ப்லா ஹூத்" (ஆட்டுக்கறி மாட்டுக்கறி இல்லாமல், கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். ல்ஹம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது 'பிஸ்ஸாரா'. உலர்ந்த பெரிய அவரைப் பருப்பைப் பூண்டோடு குழைய வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவார்கள். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடவேண்டும். காலைச் சாப்பாடு இது, நண்பகலுக்குள் சட்டி காலியாகிவிடும். மடித்து மடித்துத் தட்டும் 'ம்ஸெம்மென்' நம் பரோட்டாவின் உறவு, தேனோடு கேளுங்கள். சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்த 'ஸாலூக்' எந்தக் கடையிலும் உண்டு.

'கலிந்தே' இந்த ஊரின் சொந்தத் தின்பண்டம். கடலைமாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு கரைத்துத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவது. மேலே தோசைபோல் கருகல் நிறம், உள்ளே சீம்பால்போலத் தளதளப்பு. தெருவோரத்தில் துண்டுபோட்டு, காகிதத்தில் வைத்து, சீரகம் தூவித் தருவார்கள். பெரும்பாலும் முட்டை சேர்ப்பதால் முட்டை சாப்பிடாதவர்கள் தவிர்த்துவிடுங்கள். ஆறினால் பிசுபிசுக்கும், தட்டு வெளியே வரும் நேரத்தில் வாங்குங்கள்.

புதினாத் தேநீரைப் பற்றி எல்லோரும் இவ்வளவு பேசுவது ஏன்?

அதைக் குடிக்கும் நேரம்தான் இந்த ஊரின் நேரம் என்பதால். சுருட்டிய பச்சைத் தேயிலையை முதல் நீரில் அலசிக் கசப்பைக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீர், கைநிறையப் புதினா, கட்டிச் சர்க்கரை. ஒரு கோப்பை ஊற்றி அதையே திரும்பக் கெண்டியில் ஊற்றுவார்கள், சர்க்கரை கலப்பதற்கு. உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை கட்டும். சர்க்கரை நமக்கே அதிகம். "ஷ்விய ஸுக்கர்" என்றால் குறைவாகப் போடுவார்கள். 1921இல் தொடங்கிய ஹாஃபா காப்பிக்கடையில் குன்றுச்சரிவில் படிப்படியாக இருக்கைகள், முன்னால் நீரிணை மட்டும். கோடையில் புதினாவுக்குத் தேனீக்கள் வரும், கோப்பை வாயைக் கையால் மூடிவைத்துக் குடியுங்கள். அங்கே யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள்.

பேரம் எப்படிப் பேசுவது?

ரொட்டி, தேநீர், மருந்து, பல்பொருள் அங்காடி இவற்றில் பேரம் இல்லை. தோல்செருப்பு, விளக்கு, கம்பளம் இவற்றில் பேரம் இல்லாமல் வியாபாரமே இல்லை. இரண்டு மூன்று கடைகளில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு உங்களுக்கு அது எவ்வளவு பெறும் என்று மனதில் ஒரு தொகை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே தொடங்குங்கள். நீங்களே ஒரு விலையைச் சொல்லி அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் பின்வாங்கக்கூடாது, அது பெரிய அவமரியாதை. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் விலையே சொல்லாதீர்கள்.

பணம்?

ரூபாயை இங்கே மாற்றமுடியாது, யூரோ கொண்டுவாருங்கள் அல்லது ஏடிஎம்மில் எடுங்கள். திர்ஹம் நாட்டுக்கு வெளியே புழங்காத பணம். ஒரு யூரோவுக்குப் பத்துத் திர்ஹமும் கொஞ்சமும் கிடைக்கும். கடைக்காரர் யூரோவாக வாங்கினால் அந்தக் கொஞ்சம் அவருக்கு. 200 திர்ஹம் தாளை டாக்சியிலும் தேநீர்க்கடையிலும் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள், முதல் வாங்கலிலேயே உடைத்துவையுங்கள்.

தனியாக வரும் பெண்களுக்கு எப்படி?

வன்முறை அபாயம் குறைவு, ஆனால் பேச்சுத்தொல்லை உண்டு. மறைப்பதில் பொருளில்லை. தெருவைப் பார்த்து நாற்காலி போட்ட பழைய காப்பிக்கடைகளில் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள். குடும்பங்கள் உட்காரும் கடைகளைத் தேர்ந்தெடுங்கள். சல்வார் கமீஸ் மிகச் சரியான உடை. பின்தொடர்ந்தால் அருகிலுள்ள கடைக்குள் நுழைந்து அங்கிருக்கும் பெண்ணிடமோ பெரியவரிடமோ சொல்லுங்கள், அவர்களே அதட்டி அனுப்பிவிடுவார்கள். இருட்டியபின் மெதினாவின் உட்சந்துகளைவிட, விளக்குள்ள பெரிய தெரு வழியே அறைக்குத் திரும்புங்கள்.

எவற்றைச் செய்யக்கூடாது?

ட்ரோன் கொண்டுவராதீர்கள், சுங்கத்தில் பறித்துவைத்துக்கொள்வார்கள். காணொளி எடுப்பவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். காவலர், ராணுவம், துறைமுகக் காவல்பகுதி இவற்றைப் படமெடுக்காதீர்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் போகமுடியாது, வாசலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். ரமலான் பகலில் தெருவில் சாப்பிடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, பிறகு செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும். ஜூனிலிருந்து செப்டம்பர் நடுவரை ஐரோப்பாவில் வேலைபார்க்கும் மொராக்கோக்காரர்கள் காரோடு ஊர் திரும்பும் காலம், கப்பலில் இடம் கிடைப்பது அரிது. நவம்பர் முதல் மார்ச் வரை மழை. சில நாள் நம் பருவமழையைப்போல் விடாமல் பெய்யும். ஓவியர் மத்தீஸ் 1912 ஜனவரி கடைசியில் இங்கே வந்து, மழைக்குப் பயந்து விடுதி அறைக்குள்ளேயே பூங்கொத்தை வரைந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் அறை எடுத்தால் ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். பழைய வீடுகளின் சுவர் ஈரம் எலும்புவரை ஏறும்.

இந்த ஊருக்கும் தமிழ் நிலத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா 1304இல் பிறந்த ஊர் இது. 1325இல் 21 வயதில் இங்கிருந்து கிளம்பியவர், 1340களில் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை எனப்படும் சிவனொளிபாத மலையில் ஏறினார். பிறகு மஅபர் (அரபியர் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைக்கு வைத்த பெயர்) கரையில் இறங்கி மதுரை சுல்தான் தம்கானியிடம் தங்கி, மதுரையில் கொள்ளைநோய் பரவியதையும் எழுதிவைத்தார். மெதினாவுக்குள் அவருடையது என்று காட்டப்படும் சிறிய அடக்கத்தலம் உள்ளது, அவர்தான் அங்கே இருக்கிறாரா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. பெரும்பாலும் பூட்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டால் சாவி வைத்திருப்பவர் வருவார். சில திர்ஹம் கொடுங்கள்.

அங்கிருந்து அடுத்த ஊருக்கு?

2018 நவம்பரில் தொடங்கிய 'அல் புராக்' ரயில் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். ரபாத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி, காசாபிளாங்காவுக்கு 2 மணி 10 நிமிடம். முன்பதிவு செய்தால் விலை குறையும், வார இறுதியில் இடம் நிரம்பிவிடும். நீலநிற ஊரான ஷெஃப்ஷாவெனுக்கு ரயில் இல்லை, பேருந்துதான்.

திரும்பும் நாளில் எதைக் கவனிக்கவேண்டும்?

காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். கடலில் வெள்ளை நுரை தெரிந்தால் உடனே கப்பல் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள், நிறுத்திவைத்திருந்தால் அல்ஹெசிராஸ் கப்பலுக்கு மாற்ற நேரமிருக்கும். மீதித் திர்ஹத்தை ஊருக்குள்ளேயே மாற்றிவிடுங்கள், அதற்கு முன்பு மாற்றிய ரசீது கேட்பார்கள். 2000 திர்ஹத்துக்கு மேல் வெளியே கொண்டுபோகக் கூடாது. கப்பல் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் துறைமுகத்தில் இருங்கள், வரிசையில் உங்களுக்கு முன்னால் குழுப் பயணிகளின் இரண்டு பேருந்துகள் நிற்கலாம்.